மதுரையில் சர்வதேசத் தாவரவியல் மாநாடு: ஏற்பாட்டாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேடையில் பொன்னாடைக்குப் பதிலாக மரக்கன்று கொடுப்பது நம் கல்லூரிகளில் இப்போது பரவலாகிவிட்டது. உள்ளூர் விருந்தினருக்கு நல்ல பழக்கம்தான். வெளிநாட்டுப் பேராசிரியரோ அதை ஓட்டல் அறையிலேயே விட்டுவிட்டுத்தான் விமானம் ஏற முடியும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பயணிகள் எடுத்துவரும் செடிக்கும் நடவு விதைக்கும் 2019 டிசம்பர் 14 முதல், பூச்சியும் நோயும் இல்லை என்று அனுப்பும் நாடு தரும் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். ஆஸ்திரேலியா இன்னும் கறார். விதைப்பந்து, துளசி விதைப் பொட்டலம், விதை பதித்த பேனா எல்லாம் இதே கணக்கில்தான் வரும். சுங்குடித் துணியில் தைத்த பை கொடுங்கள். மதுரைப் பெயரும் சொல்லும், சுங்கத்திலும் சிக்காது.

தாவரவியல் மாநாட்டின் சிக்கலே இதுதான். பேசுபொருளான இலையும் விதையும் மண்ணும் சட்டத்தின் பிடியில் இருப்பவை. மண்டபம், சாப்பாடு, பேனர் என்று ஓடும் குழு இதைக் கடைசியாகத்தான் நினைக்கிறது.

கைமாறும் மாதிரிகள்

தவறு பெரும்பாலும், ஆய்வைச் சுவரொட்டியாக மாட்டி விளக்கும் போஸ்டர் அரங்கில் நடக்கும். மாணவி காட்டும் மல்லிகை ரகத்தைப் பார்த்து வெளிநாட்டு ஆய்வாளர் இரண்டு இலை கேட்பார். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட சிறு பையில் வைத்து மூடிக்கொள்வார். டிஎன்ஏ பிரிக்க அவ்வளவே போதும். ஆனால் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, இந்தியக் குடிமகன் அல்லாதவர் இங்குள்ள உயிரி வளத்தை ஆய்வுக்காக எடுக்க, சென்னையில் இருக்கும் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். வருமான வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவராகக் கருதப்படும் இந்தியக் குடிமகனுக்கும் இதே விதி. ‘நம்ம ஊர்ப் பிள்ளைதானே, அமெரிக்காவில் வேலை பார்க்கிறார்’ என்று கொடுத்துவிடக் கூடாது. கருத்தரங்கில் ஆய்வு முடிவைப் பகிர்வது இதில் சேராது. அதனால் பயந்துபோய் உரைகளைச் சுருக்க வேண்டியதில்லை.

எதிர்த்திசையிலும் கவனம் தேவை. காட்சிக்கு வைக்க உயிர்ச்செடியோ விதையோ வேரோடு ஒட்டிய மண்ணோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர், 2003-ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின் நிபந்தனைகளுக்கு உட்பட்டவர். இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் சான்றிதழும் இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பறிமுதல்தான். ‘உயிருள்ள மாதிரி வேண்டாம், படம் போதும்’ என்று முதல் அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்த்தால் பாதித் தலைவலி குறையும்.

களப்பயணத்துக்கும் இதுவே பொருந்தும். அழகர்மலைக்கோ கொடைக்கானலுக்கோ போகலாம். 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி, மதுரை மாவட்டத்திலேயே இருக்கிறது. எங்கே போனாலும், வனப்பகுதிக்குள் நுழையும் திட்டம் இருந்தால் மாவட்ட வன அலுவலரிடம் பெயர்ப்பட்டியலோடு முன்கூட்டியே எழுத்து அனுமதி வாங்குங்கள். பறிக்கக் கூடாது, படம் மட்டும் எடுக்கலாம் என்பதைப் பேருந்திலேயே சொல்லிவிடுங்கள். கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை இருக்கிறது. வாகன எண் முடிவாகாமல் அதை எடுக்க முடியாது. போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே நாளில் போய்த் திரும்பினால் செடி பார்க்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான்.

விசாவும் பணமும்

‘டூரிஸ்ட் விசாவில் வந்துவிடுங்கள்’ என்று விருந்தினரிடம் சொல்வதைப் போல் ஆபத்தான யோசனை வேறில்லை. மாநாட்டில் உரையாற்ற மாநாட்டு விசா தனியாக உண்டு. அதற்கு அழைப்புக் கடிதத்தோடு, வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும் உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி அனுமதியும் கேட்கப்படும். இரண்டையும் வாங்க வேண்டியது ஏற்பாட்டாளர். கோப்பு பல மேசைகளைக் கடந்து போகும் என்பதால், குறைந்தது ஐந்து மாதம் முன்பே தொடங்குங்கள். அழைப்புக் கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். மாநாட்டுக்கான இ-விசா ஒரு முறை நுழைவுக்கு மட்டுமே. நடுவில் கொழும்பு போய்விட்டு மதுரைக்குத் திரும்பலாம் என்று திட்டமிடுபவரை எச்சரியுங்கள். பல்கலைக்கழக விருந்தினர் இல்லத்தில் தங்க வைத்தால், வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு இணையவழியில் தெரிவிப்பது அந்த இல்லத்தின் பொறுப்பு. ஓட்டல்கள் தாமாகச் செய்துவிடும். விருந்தினர் இல்லத்துக் காவலாளிக்கு இது தெரியாது.

வெளிநாட்டு நிறுவனம் நன்கொடையாகத் தரும் பணத்தைக் கல்லூரியின் சாதாரணக் கணக்கில் வாங்குவது இன்னொரு பெரிய தவறு. அதற்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் முதலில் புது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். பதிவுக் கட்டணம் வேறு, நன்கொடை வேறு. ரசீதிலும் கணக்கிலும் இரண்டையும் கலக்காதீர்கள். பதிவுப் பக்கத்தைத் திறக்கும் முன், வெளிநாட்டு கார்டுகளை உங்கள் பேமென்ட் கேட்வே ஏற்கிறதா என்று வெளிநாட்டில் இருக்கும் ஒருவரை ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அந்த வசதியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

தேதி

சித்திரைத் திருவிழா நாட்களில் மதுரையில் ஓட்டல் அறை கிடைப்பது அரிது, வெயிலும் தாங்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுகள் வரிசையாக வரும். மிஞ்சுவது ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும். அது தை, மாசி, முகூர்த்த மாதங்கள். எனவே கூகுள் காலண்டரோடு பஞ்சாங்கத்தையும் திறந்து, முகூர்த்தம் இல்லாத வார நாட்களைப் பிடியுங்கள். ஓட்டலும் வேனும் சமையல்காரரும் ஒருசேரக் கிடைப்பார்கள்.

இடம் விரிந்து கிடப்பதையும் மறக்க வேண்டாம். காமராசர் பல்கலைக்கழகம் இருக்கும் பல்கலை நகர் தேனி சாலையில், வேளாண் கல்லூரி மேலூர் சாலைப் பக்கம், விமான நிலையமோ தெற்கே. ஓட்டலை ரயில் நிலையத்தருகே போட்டுவிட்டு, காலை ஒன்பது மணி உரைக்கு எட்டரைக்கு வண்டி எடுத்தால் அரங்கு பாதி காலியாகத்தான் இருக்கும்.

அரங்கில்

தொடக்க விழா மாநாட்டை விழுங்குவது நம் ஊர் வியாதி. குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, நினைவுப்பரிசு முடிய மணி பன்னிரண்டு ஆகும். பிறகு முதன்மை உரையாளரைப் பார்த்து ‘சார், இருபது நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். முதன்மை உரையைக் காலை ஒன்பதுக்கே வையுங்கள். விழாவைப் பதினொன்றுக்குத் தள்ளுங்கள். அமைச்சர் தாமதமானாலும் அறிவியல் நடந்து முடிந்திருக்கும்.

ஆய்வுச் சுருக்கங்களை வெறும் எழுத்துப் பெட்டியுள்ள படிவத்தில் வாங்கினால் சாய்வெழுத்து எல்லாம் நேராகிவிடும். தாவரங்களின் இருசொல் அறிவியல் பெயரும் மரபணுப் பெயரும் சாய்வாக இல்லாத புத்தகத்தைத் தாவரவியலாளர் ஒரு பக்கம் புரட்டியதுமே மூடிவிடுவார். வேர்டு கோப்பாக வாங்குங்கள். அச்சுக்கு முன் வகைப்பாடு தெரிந்த ஒருவர் பெயர்களை மட்டும் தனியாகப் படித்துப் பார்க்கட்டும். ‘ஸ்கோபஸ் தரவுத்தளப் பட்டியலில் உள்ள ஆய்விதழில் வெளியிடுவோம்’ என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பதையும் விடுங்கள். ஏற்பதும் மறுப்பதும் இதழின் மதிப்பாய்வாளர் கையில் இருக்கிறது.

போஸ்டருக்கு ‘ஏ0’ என்று மட்டும் அறிவிக்காதீர்கள். 84.1 செ.மீ. அகலம், 118.9 செ.மீ. உயரம், நெட்டாக என்று எழுதுங்கள். பந்தல்காரர் கொண்டுவரும் பலகை படுக்கையாக இருந்தால் போஸ்டரின் கால்பகுதி கீழே தொங்கும். பலகையை ஒரு நாள் முன்பே அளந்து பாருங்கள்.

கடைசியாக மின்சாரம். ஜெனரேட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மின்சாரம் போனதும் அது ஓடத் தொடங்க எடுத்துக்கொள்ளும் சில நொடிகளில் புரொஜெக்டர் அணைந்துவிடும். விளக்குள்ள பழைய வகை என்றால், சூடு தணிந்து மறுபடி எரியச் சில நிமிடங்கள் பிடிக்கும். பதினைந்து நிமிட உரையில் அது பெரிய இழப்பு. புரொஜெக்டர், மடிக்கணினி, ஒலிபெருக்கி மூன்றையும் யுபிஎஸ்ஸில் இணைத்து, முந்தைய நாள் மாலை மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் பாருங்கள்.