லூப்பை மேனுவல்ல போடாம டிரான்ஸ்மிட்டர்ல கை வைக்காதீங்க தம்பிங்களா

நம்ம டெல்டா பக்கம் ஐடிஐயோ டிப்ளமோவோ முடிச்சிட்டு சர்க்கரை ஆலை, கேஸ் பவர் பிளான்ட், நரிமணம் காரைக்கால் பக்கத்து எண்ணெய் எரிவாயு சைட்னு இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனா போற பசங்களுக்குத்தான் இது. படிப்பு பத்தலையோன்னு பயப்படாதீங்க. நான் பார்த்த வரைக்கும் பெரிய சொதப்பல் எல்லாம் கன்ட்ரோல் ரூமுக்கு ஒரு வார்த்தை சொல்லாம கை முந்திக்கிட்டதால வந்ததுதான்.

என்னோட கதையையே சொல்றேன். ஒரு சர்க்கரை ஆலை, எனக்கு முதல் அரவை சீசன், சக்கை எரிக்கிற பாய்லர். டிரம் லெவல் (பாய்லர் டிரம்ல எவ்வளவு தண்ணி நிக்குதுங்கிறது) ரீடிங் ஆடுதுன்னு சொன்னாங்க. அதை அளக்குறது ரெண்டு குழாயோட பிரஷர் வித்தியாசத்தைப் பார்த்து கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்புற டிரான்ஸ்மிட்டர், நான் பாட்டுக்கு மேல ஏறிப் போயி ஜீரோ செக் (வித்தியாசம் இல்லாதப்போ ஜீரோ காட்டுதான்னு பாக்குறது) பண்ணலாம்னு மேனிஃபோல்டுல, அதாவது டிரான்ஸ்மிட்டரோட மூணு வால்வு கட்டையில, ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற நடு வால்வை, அதான் ஈக்வலைசரை, திறந்துட்டேன், ரெண்டு குழாயையும் அடைக்கிற ஐசொலேஷன் வால்வும் திறந்தே கிடக்கு. வயலுக்கு நடுவுல வரப்பை வெட்டி விட்டா மேட்டுத் தண்ணி பள்ளத்துக்கு ஓடி ரெண்டும் ஒண்ணாயிடும்ல, அதேதான் நடந்துச்சு. ஆவி குளிர்ந்து தண்ணியாகுற கண்டென்சேட் பாட்டுலேர்ந்து எப்பவும் நெறஞ்சு நிக்க வேண்டிய ரெஃபரன்ஸ் லெக் (ஒப்பிட்டுப் பாக்குற குழாய்) தண்ணி டிரம்முக்குள்ள எறங்கிடுச்சு. ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் கொறைய கொறைய டிரம்ல தண்ணி கூடன்னு அர்த்தம், அதனால அந்தப் பக்க பிரஷர் கொறஞ்சதும் டிரம் ஃபுல்லுன்னு டிரான்ஸ்மிட்டர் சொல்லுது, லூப் (டிரான்ஸ்மிட்டர், கன்ட்ரோலர், வால்வு மூணும் சேர்ந்த தொடர்) ஆட்டோல இருந்ததால கன்ட்ரோலர் அதை நம்பி ஃபீட் வாட்டர் வால்வை மூடுது, உள்ள நெஜத் தண்ணி கொறஞ்சுக்கிட்டே போகுது. கேஜ் கிளாஸைப் பார்த்துக்கிட்டு இருந்த பாய்லர் ஆபரேட்டர் அண்ணன் உடனே மேனுவலுக்கு மாத்தித் தண்ணி விட்டதால தப்பிச்சோம். அவர் அப்புறம் என்னைய கேட்டது எதையும் இங்க எழுத முடியாது.

அதனால முதல்ல கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லுங்க, பெர்மிட் வாங்குங்க, லூப்பை மேனுவல்ல போடச் சொல்லுங்க, அந்த டேக்ல (அந்தக் கருவியோட நம்பர்ல) டிரிப், அதாவது ரீடிங் எல்லை தாண்டுனா பிளான்ட்டைத் தானா நிறுத்துற ஏற்பாடு, இருந்தா அதைத் தற்காலிகமா தடுத்து வைக்க முறைப்படி பைபாஸ் வாங்குங்க. மேனிஃபோல்டுல ஒரு பக்க ஐசொலேஷனை மூடிட்டுத்தான் ஈக்வலைசரைத் திறக்கணும், லைன்ல திரும்ப எடுக்கும்போது ஈக்வலைசரை மூடிட்டுத்தான் அந்தப் பக்கத்தைத் திறக்கணும். மூணும் ஒரே நேரத்துல திறந்திருக்கவே கூடாது. பைபாஸ் போட்டதை லாக் புக்ல எழுதுங்க, ஷிஃப்ட் மாறும்போது வாயாலயும் சொல்லுங்க.

அடுத்தது ஜீரோ டிரிம் பைத்தியம், அதாவது ரீடிங்கை டிரான்ஸ்மிட்டர்லயே திருத்தி வைக்கிறது. டெம்பரேச்சர் அஞ்சு டிகிரி கூட காட்டுதுன்னு ஆபரேட்டர் சொன்ன உடனே கம்யூனிகேட்டரை (டிரான்ஸ்மிட்டர் செட்டிங் மாத்துற கைக்கருவி) மாட்டி அஞ்சைக் கொறைச்சுட்டு டீ குடிக்கப் போயிடுறது. பிடி 100ங்கிறது சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் ஏறுற சென்சார், 0 டிகிரில 100 ஓம், 100 டிகிரில 138.5 ஓம், அப்போ டிகிரிக்கு வெறும் 0.385 ஓம்தான். அதுலேர்ந்து டிரான்ஸ்மிட்டருக்குப் போற மூணு வயர் எல்லாத்துலயும் சமமா ரெசிஸ்டன்ஸ் ஏறுனா டிரான்ஸ்மிட்டர் கழிச்சுக்கும், ஒரே ஒரு டெர்மினல்ல பச்சை களிம்பு புடிச்சு ரெண்டு ஓம் ஏறுனா அதுக்குக் கழிக்கத் தெரியாது, அஞ்சு டிகிரி அங்கதான் இருக்கு. நீங்க டிரிம் பண்ணி மறைச்சத அடுத்த ஷிஃப்ட்ல ஒருத்தன் டெர்மினலைச் சுத்தம் பண்ணுனா ரீடிங் அஞ்சு கொறைவா காட்டும், மறுபடி ஆரம்பம். நாகப்பட்டினம் பக்கத்து உப்புக்காத்துக்கு இந்தக் களிம்பு சீக்கிரமே புடிக்கும். டிரிம் பண்ணித்தான் ஆகணும்னா அதுக்கு முன்னாடி என்ன காட்டுச்சுங்கிறதை எழுதிட்டுத் தொடுங்க.

ஐப்பசி கார்த்திகை வந்துட்டா ஜங்ஷன் பாக்ஸ் (வெளியில வயர்களை இணைக்கிற பெட்டி) தனிக் கதை. கேபிளை மேல்பக்கமா நுழைக்காதீங்க, கீழ ஒரு வளைவு தொங்க விட்டு அடியிலேர்ந்து ஏத்துங்க, தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். காலியா இருக்குற ஓட்டைக்கு பிளக் போடுங்க, துணியைத் திணிக்கிற வேலை வேண்டாம் (நானும் திணிச்சிருக்கேன்). டிரான்ஸ்மிட்டர் ரீடிங்கை 4லேர்ந்து 20 மில்லி ஆம்பியர் கரண்டாத்தான் அனுப்புது, அதனால வயர் அறுந்தா கரண்ட் 4 மில்லி ஆம்பியருக்குக் கீழ விழுந்து உடனே தெரிஞ்சிடும், ஆனா டெர்மினல்ல ஈரம் ஏறுனா ரெண்டு வயருக்கும் நடுவுல கரண்ட் கசிஞ்சு ரீடிங் மெதுவா ஏறும். மழைன்னா ஏறுது, வெயில் வந்தா தானா சரியாகுதுன்னு யாராவது சொன்னா டிரான்ஸ்மிட்டரை மாத்தாதீங்க, பாக்ஸைத் திறந்து பாருங்க.

ஈரத்தைச் செக் பண்றேன்னு 500 வோல்ட் மெக்கர் (வயர் இன்சுலேஷனைச் சோதிக்கிற கருவி) வச்சா ரெண்டு முனையையும் கழட்டிட்டு வைங்க. அது 24 வோல்ட் சர்க்யூட், டிரான்ஸ்மிட்டரும் கன்ட்ரோல் ரூம்ல சிக்னல் வாங்குற கார்டும் ஒண்ணா போயிடும்.

எலக்ட்ரிகல்லேர்ந்து வந்த பசங்க ஒண்ணு கவனிங்க. செவப்புன்னா பிளஸ்னு கை பழகியிருக்கும், ஆனா அமெரிக்க கலர் கோடு தெர்மோகப்பிள்ல (ரெண்டு வேற உலோக வயரைச் சேர்த்து சூட்டை அளக்குற சென்சார்) செவப்புதான் மைனஸ், கே டைப்ல மஞ்சள் பிளஸ். அதே கே டைப்புக்கு ஐஇசிங்கிற சர்வதேச கோடுல பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். ஒரே பிளான்ட்ல ரெண்டு கேபிளும் கிடக்கும், அதனால நீங்க மாட்டுனதும் சென்சாரைக் கொஞ்சம் சூடு பண்ணிப் பாருங்க, ரீடிங் எறங்குச்சுன்னா ரெண்டையும் மாத்தி மாட்டுங்க.