மருத்துவக் காப்பீட்டுக் கணக்கெடுப்புத் தரவில் பாலிசிதாரரைக் கண்டறிந்து இணைக்கும் முறை

ஒருவருக்கு மருத்துவக் காப்பீடு உண்டா இல்லையா என்பதைக் கணக்கெடுப்புத் தரவிலிருந்து எளிதில் அறியலாம்; அந்தக் காப்பீடு யார் பெயரில் இருக்கிறது என்பதை அறியத்தான் உழைக்க வேண்டும். பிரீமியத்தில் வேலையளிப்பவரின் பங்கு, நிறுவனத்தின் அளவு, வேலையின் தன்மை ஆகியவை பாலிசிதாரரின் வேலையோடு சேர்ந்த விவரங்கள் என்பதால், அவரோடு இணைக்கப்படாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த விவரங்கள் வெற்றிடமாகவே நிற்கும். அமெரிக்காவில் 1996 முதல் நடந்துவரும் மெப்ஸ் என்னும் மருத்துவச் செலவுக் கணக்கெடுப்பை எடுத்துக்காட்டாக வைத்து, இந்த இணைப்பைச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

கணினியில் கோப்பைத் திறப்பதற்கு முன்பே, அந்தக் கணக்கெடுப்பு வீட்டில் யார் யாரைப் பற்றிக் கேட்டது என்பதைப் பார்த்துவிட வேண்டும். மெப்ஸ் வீட்டில் உள்ள அனைவரைப் பற்றியும் கேட்கிறது. அதே நாட்டின் தேசிய உடல்நல நேர்காணல் கணக்கெடுப்போ, 2019-இல் மாற்றியமைக்கப்பட்ட பின், ஒரு வீட்டிலிருந்து ஒரு பெரியவரையும் சிறார் இருந்தால் ஒரு சிறாரையும் மட்டுமே விரிவான கேள்விகளுக்குத் தேர்ந்தெடுக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட சிறாரின் பாலிசிதாரர் தாயாக இருந்து, தேர்வானவர் தந்தையாக இருந்தால், தாயின் காப்பீட்டு விவரங்களைத் தேடி எடுக்க அங்கே வழியில்லை. கேட்கப்படாததை எந்த நிரல் வரியும் வருவித்துத் தராது.

அடுத்து, சரியான கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வரிசை கொண்ட ஆண்டுக் கோப்பு, காப்பீடு இருந்ததா என்பதைச் சொல்லும். யாருடைய பாலிசி என்பதற்கு, ஆள், நேர்காணல் சுற்று, காப்பீடு வந்த வழி (வேலையளிப்பவர் போன்றது) ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு வரிசையாக அமைந்த தனிக் கோப்பு வேண்டும். மெப்ஸ் வெளியிடும் அத்தகைய கோப்பில், ஒவ்வொரு வரிசையிலும் அந்த நபர் பாலிசிதாரரா, சார்ந்திருப்பவரா என்ற குறியும், பாலிசிதாரரின் அடையாள எண்ணும் இருக்கும். வருமானம் குறைந்தோருக்கான மெடிகெய்ட் போன்ற அரசுத் திட்டங்களில் பாலிசிதாரர் என்று ஒருவர் இல்லை. தகுதி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வருகிறது. ஆகவே அந்த வரிசைகளை இந்த வேலையிலிருந்து முதலிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது.

அடையாள எண்களில் மிகுந்த கவனம் தேவை. மெப்ஸில் ஒவ்வொரு ஆண்டும் ஒரு புதிய குழு சேர்கிறது; வழக்கமாக ஒரு குழுவிடம் இரண்டு ஆண்டுகளில் ஐந்து சுற்றுகளாக நேர்காணல் நடக்கிறது. 2018-க்கு முந்தைய கோப்புகளில் ஒரே எண் வெவ்வேறு குழுக்களில் வெவ்வேறு நபர்களைக் குறிக்கக்கூடும். எனவே பல ஆண்டுகளைச் சேர்க்கும்போது குழு எண்ணையும் இணைப்பு எண்ணின் பகுதியாக்க வேண்டும். 2018 முதல் குழு எண் அடையாள எண்ணின் முன்னாலேயே சேர்க்கப்பட்டுள்ளது. எந்த ஆண்டாயினும் இந்த எண்களை எழுத்துச் சரமாகவே படிக்க வேண்டும். எண்ணாகப் படித்தால் முன்னால் உள்ள பூச்சியங்கள் உதிர்ந்து, இணைப்பு ஓசையில்லாமல் அறுந்துபோகும்.

இனி இணைப்பு. பாலிசிதாரர் என்று குறிக்கப்பட்ட வரிசைகளைத் தனியே பிரித்து, ஆளின் எண்ணுக்குப் பாலிசிதாரர் எண் என்று பெயர் மாற்றி, அந்த எண், காப்பீட்டு வழியின் எண், சுற்று ஆகிய மூன்றும் ஒத்துப்போகும்படி முழுக் கோப்போடு சேர்க்க வேண்டும். வீட்டு எண்ணை மட்டும் வைத்துச் சேர்ப்பதை நான் உறுதியாக மறுக்கிறேன். மனைவியின் பாலிசியில் நால்வரும், கணவரின் தனிப் பாலிசியில் அவர் மட்டுமும் உள்ள ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள்: சரியான இணைப்பில் ஒரு சுற்றுக்கு ஐந்து வரிசைகளும் இரண்டு பாலிசிதாரர்களும் கிடைப்பார்கள். கணவர் ஒரு பாலிசியில் பாலிசிதாரராகவும் மற்றொன்றில் சார்ந்திருப்பவராகவும் நிற்பார், இது பிழையன்று. வீட்டு எண்ணால் சேர்த்தாலோ ஒவ்வொரு வரிசையும் இரு பாலிசிதாரர்களோடும் ஒட்டிக்கொண்டு பத்தாகப் பெருகும். இணைத்த பின் வரிசைகளின் எண்ணிக்கை கூடியிருந்தால், ஒரே பாலிசிக்கு ஒரு சுற்றில் இரண்டு பாலிசிதாரர்கள் பதிவாகியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டே மேலே செல்ல வேண்டும்.

இணையாமல் எஞ்சும் வரிசைகளைக் கழிவென்று நீக்கிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. அது முடிவுகளைக் கோணலாக்கும். பிரிந்து வாழும் தந்தையின் பாலிசியில் உள்ள சிறார், இறந்த கணவரின் ஓய்வூதியப் பாலிசியில் தொடரும் மனைவி, வேறு ஊரில் உள்ள பெற்றோரின் பாலிசியில் இருக்கும் இளைஞர் ஆகியோரே பெரும்பாலும் இப்படி எஞ்சுகிறார்கள். அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், பிள்ளைகள் 26 வயதை எட்டும்வரை பெற்றோரின் பாலிசியில் தொடர அனுமதித்ததால், தனியே வாழும் இளையோரின் வரிசைகளை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பாலிசிதாரர் வீட்டுக்கு வெளியே இருக்கிறார் என்பதற்கும் இறந்துவிட்டார் என்பதற்கும் மெப்ஸில் தனிக் குறிகள் உண்டு. அவற்றைத் தனி வகைகளாக வைத்துக்கொண்டு, காரணம் தெரியாதவற்றை மட்டும் மூன்றாம் வகையாகக் காட்டுங்கள்.

பாலிசிதாரர் எண்ணே தராத தரவாக இருந்தால், உறவுமுறை, வயது, வேலை ஆகியவற்றை வைத்து ஊகிக்க நேரும். அப்போது குடும்பத் தலைவரையே பாலிசிதாரர் என்று கொள்ளக் கூடாது. தன் பெயரில் பாலிசி உண்டு என்று சொன்னவரிடமிருந்து தொடங்கி, அவருடைய துணைவர், வயது வரம்புக்குட்பட்ட பிள்ளைகள் என்று விரித்துச் செல்ல வேண்டும். ஊகித்த ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு குறி இட்டு, அவற்றைச் சேர்த்தும் விலக்கியும் இரு முறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

மதிப்பீட்டுக்கு வரும்போது, எதை எண்ணுகிறோம் என்பதே எடைமதிப்பை, அதாவது கணக்கெடுக்கப்பட்ட ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேரைக் குறிக்கிறார் என்னும் எண்ணை, தீர்மானிக்கிறது. காப்பீடு பெற்றோரை எண்ணினால் அவரவர் எடைமதிப்பையும், பாலிசிகளை எண்ணினால் பாலிசிதாரரின் எடைமதிப்பையும் பயன்படுத்த வேண்டும். ஒரு பாலிசி பல சுற்றுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கும் என்பதால், ஆண்டின் ஒரு குறிப்பிட்ட நாளைத் தேர்ந்து, அந்நாளில் நடப்பில் இருந்த வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்ட பிறகே கூட்டுத்தொகை காண வேண்டும்.