தாலந்து என்றால் திறமையா? இந்தச் சொல்லில் நாம் தவறும் இடங்கள்

ஞாயிறு பள்ளியில் பாட்டு, பேச்சு, ஓவியப் போட்டிகளுக்குத் ‘தாலந்துப் போட்டி’ என்று பெயர். தாலந்து என்றால் திறமை என்றே பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. பிறகு பைபிளில் தாலந்து உவமை வரும் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தைத் திறக்கும்போதும் அதே பொருளை வைத்துத்தான் படிக்கிறோம். இந்தச் சொல்லில் நடக்கும் பெரிய தவறு இதுதான்.

அந்த வசனத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். எஜமான் தன் ஊழியக்காரர் மூவருக்கு “அவனவனுடைய திறமைக்குத்தக்கதாக” ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளைக் கொடுத்துவிட்டுப் பயணம் போகிறான். திறமை ஊழியக்காரனிடம் முன்பே இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் தாலந்து கைக்கு வருகிறது. இரண்டும் ஒன்றென்றால், திறமைக்குத் தக்கபடி திறமை கொடுத்தான் என்றல்லவா ஆகிவிடும்? ஒரு தாலந்தை வாங்கி மண்ணில் புதைத்து வைத்தவனிடமும் எஜமான் திரும்பி வந்து, காசுக்காரரிடம் (வட்டிக்குப் பணம் வாங்குவோரிடம்) போட்டிருந்தால் வட்டியாவது கிடைத்திருக்குமே என்றுதான் கேட்கிறான். பேச்சு பணத்தைப் பற்றியது. வெளிப்படுத்தின விசேஷம் 16-இல் ‘தாலந்து நிறையான’ கல்மழை விழுகிறது. அங்கே திறமை என்று பொருள் கொள்ள வழியே இல்லை.

சரி, ஒரு தாலந்து எவ்வளவு? ஒற்றைக் காசைக் குழியில் போட்டு மூடுவதுபோலப் படம் வரைகிறார்கள். தாலந்து நாணயம் அல்ல, எடை. ஏதென்ஸ் கணக்கில் 60 மினா (தாலந்துக்குக் கீழே உள்ள எடை), அதாவது 6000 திராக்மா (அங்கத்திய வெள்ளிக்காசு); வெள்ளியில் சுமார் 26 கிலோ. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஒரு கைவினைஞரின் நாள் கூலி ஏறக்குறைய ஒரு திராக்மா. ஒரு நாள்கூட விடாமல் உழைத்து, ஒன்றும் செலவழிக்காமல் சேர்த்தாலும் 16 ஆண்டுக்கு மேல் ஆகும். ‘பாவம், அவனுக்கு ஒன்றுதானே கிடைத்தது’ என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஒரு அரிசிச் சிப்பத்தின் கனத்துக்கு வெள்ளியை மண்ணுக்குள் வைத்தான் அவன்.

அதற்காக 26 கிலோவை எல்லா இடத்திலும் பொருத்தக் கூடாது. பாபிலோனில் தாலந்து சுமார் 30 கிலோ. கிரேக்கக் கவி ஹோமரின் இலியத் காவியத்தில் நடக்கும் தேர்ப்பந்தயத்தில் இரண்டு தாலந்து பொன் நான்காம் பரிசுதான். அங்கே அது சின்ன எடை.

சொல்லின் வேரிலும் ஒரு தடுமாற்றம் உண்டு. கிரேக்கத்தில் ‘தாலன்தோன்’ என்றால் முதலில் தராசு, அப்புறம் அதில் நிறுக்கும் எடை. தாங்குதல், தூக்குதல் என்ற பொருளுள்ள பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தது. சமஸ்கிருத ‘துலா’வும் அதே வேர்தான். நம் துலாக்கோலும் துலாபாரமும் அந்த வழியில் நம்மிடம் வந்தவை. உடனே, கிரேக்கர் சமஸ்கிருதத்திடமிருந்து வாங்கினார்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இரண்டும் ஒரு தாய் வயிற்றுச் சொற்கள். ஒன்றுக்கு மற்றது தாய் அல்ல.

திறமை என்ற பொருளைப் பழைய கிரேக்கர் தலையில் ஏற்றுவதும் தவறு. இடைக்கால லத்தீனிலும் பிரெஞ்சிலும் இந்தச் சொல் விருப்பத்தைக் குறித்தது. தராசுத் தட்டு ஒரு பக்கம் சாய்வதுபோல மனம் சாய்வது. எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது. ஸ்பானிய மொழியில் ‘தலான்தே’ இன்றும் மனப்போக்குதான். 15-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான், மத்தேயுவின் இதே உவமைக்குச் சொன்ன விளக்கத்திலிருந்து, ஆங்கிலத்தில் ‘டேலன்ட்’ இயல்பான திறமை ஆனது. கதையிலிருந்து பிறந்த பொருளைக் கதைக்குள்ளேயே திருப்பி வைப்பதால்தான் இத்தனை குழப்பம். போட்டியின் பெயரை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உவமையை நடத்தும்போது எடையையும் பணத்தையும் முதலில் சொல்லிவிட்டு, திறமையைப் பிற்பாடு வந்த விளக்கமாகச் சொன்னால் போதும்.

கடைசியாக, லூக்கா 19-இல் வரும் கதையை இதோடு கலக்காதீர்கள். அங்கே பத்து ஊழியக்காரருக்கும் சமமாக ஆளுக்கொரு ‘ராத்தல்’. மூலத்தில் அது மினா, தாலந்தில் அறுபதில் ஒரு பங்கு.