ஒரே கோப்பில் ஒரு வலைத்தளம்: கையால் எழுதிப் பார்க்கலாம்

கவிதை, கோட்டோவியம், சேர்த்துவைத்த தபால்தலைகள் என்று எதையாவது வைக்க இணையத்தில் சொந்தமாக ஓர் இடம் வேண்டுமா? தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸை நிறுவி, தீம் (தோற்ற வார்ப்பு) தேடி, பிளகின் (கூடுதல் வசதி) சேர்த்துத் தொடங்க வேண்டியதில்லை. அந்த வழியில் இறங்கினால் முதல் வாரம் தீம் தேடுவதிலேயே போய்விடும். வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லில் ஒரு கோப்பு போதும், இன்றே ஏற்றிவிடலாம். அலங்காரம் நாளைக்கு.

எது தலைப்பு, எது பத்தி என்று பிரவுசருக்குச் சொல்லும் குறிகளே டேக்குகள். இங்கே டேக் பெயர்களை உச்சரிப்பில் தந்திருக்கிறோம். தட்டச்சும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், கோண அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

படி 1: கோப்பு

ஒரு ஃபோல்டர், அதற்குள் படங்களுக்கு இன்னொரு ஃபோல்டர். நோட்பேடைத் திறந்து, வெற்றுக் கோப்பை ‘இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல்’ என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேமியுங்கள். முகப்புப் பக்கமாக சர்வர் (தளத்தை வைத்திருந்து அனுப்பும் கணினி) தேடுவது இந்தப் பெயரைத்தான்.

விண்டோஸில் பலர் சறுக்குவது இங்கேதான். சேமிக்கும்போது கோப்பு வகை ‘டெக்ஸ்ட்’ என்றே இருந்தால், பெயரின் வாலில் சத்தமில்லாமல் ‘டாட் டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொள்ளும். பிரவுசரில் திறந்தால் பக்கம் வராது, தட்டச்சிய டேக்குகளே அப்படியே தெரியும். ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றுங்கள். என்கோடிங் (எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறை) யூடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். பழைய நோட்பேடில் இது ‘ஆன்சி’ என்று இருக்கும். அப்படியே சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்ப மீட்க முடியாது.

படி 2: எலும்புக்கூடு

முதல் வரி, இது எச்டிஎம்எல் பக்கம் என்று பிரவுசருக்குச் சொல்லும் டாக்டைப் அறிவிப்பு. அடுத்து எச்டிஎம்எல் டேக், அதற்குள் ஹெட் (பக்கத்தைப் பற்றிய குறிப்புகள்), பாடி (திரையில் தெரியும் பகுதி). எச்டிஎம்எல் டேக்கில் ‘லேங்’ பண்புக்கு ‘டிஏ’ என்று மதிப்புக் கொடுங்கள். திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் இதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறும்.

ஹெட்டுக்குள் மூன்று வரிகள். முதலில் மெட்டா சார்செட், யூடிஎஃப்-8. கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இது வந்துவிட வேண்டும். விட்டுப்போனால் தமிழுக்குப் பதில் புரியாத குறிகள் வரிசைகட்டி நிற்கலாம். அடுத்து மெட்டா வியூபோர்ட், ‘விட்த்’ மதிப்பு ‘டிவைஸ்-விட்த்’. இது இல்லாவிட்டால் கைபேசி உங்கள் பக்கத்தைக் கணினித் திரைக்கானது என்று நினைத்து எறும்பளவுக்குச் சுருக்கிக் காட்டும். மூன்றாவது டைட்டில்.

படி 3: உள்ளடக்கம்

தலைப்புக்கு எச்1, பத்திக்கு பி, இணைப்புக்கு ஏ. கவிதை எழுதுபவர்கள் கவனிக்க: நீங்கள் தட்டும் என்டரை எச்டிஎம்எல் வெறும் இடைவெளியாகத்தான் எடுத்துக்கொள்ளும். நான்கு அடிகளும் ஒரே வரியாகக் கோத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வோர் அடியின் முடிவிலும் பிஆர் டேக் வேண்டும்.

படங்களுக்கு ஐஎம்ஜி டேக். ‘கணினியில் தெரிகிறது, ஏற்றினால் தெரியவில்லை’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டுதான். ஒன்று, படத்தின் முகவரி சி டிரைவிலிருந்து தொடங்குவது. அந்த டிரைவ் உங்கள் கணினியில் மட்டும்தானே இருக்கிறது! ஃபோல்டர் பெயர், முன்சாய்வுக் கோடு, கோப்புப் பெயர் என்று மட்டும் எழுதுங்கள். இன்னொன்று, பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். லினக்ஸில் ஓடும் சர்வர் அப்படிப் பார்க்காது. கோப்புப் பெயர்களைச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கைபேசிப் படம் 4000 பிக்சல் அகலமும் பல எம்பி எடையும் இருக்கும். 1200 பிக்சலுக்குக் குறைத்தாலே பக்கம் சட்டென்று திறக்கும். வீட்டில் எடுத்த படமானால் இன்னொன்றும் பாருங்கள்: எடுத்த இடம் அதற்குள் பதிவாகியிருக்கலாம். விண்டோஸில் ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ் போய் அதை நீக்கலாம்.

படி 4: தோற்றம்

ஹெட்டுக்குள் ஸ்டைல் டேக் போட்டு, பாடிக்கு மூன்று விதிகள்: மேக்ஸ்-விட்த் 640 பிக்சல், மார்ஜின் ஆட்டோ, லைன்-ஹைட் 1.7. தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி நமக்கு நெருக்கடியாகத்தான் இருக்கும். லெட்டர்-ஸ்பேசிங் பக்கமே போகாதீர்கள். ‘கொ’ போன்ற எழுத்துகளில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும் அபாயம் உண்டு.

படி 5: ஏற்றுதல்

தனிப்பக்கங்களுக்கு இடம் தரும் நியோசிட்டீஸ் தளத்தில் இலவசக் கணக்குக்கு 1 ஜிபி இடம் உண்டு. ஆடியோ, வீடியோ கோப்புகளை மட்டும் இலவசக் கணக்கில் ஏற்ற முடியாது. நீங்கள் வைக்கும் பயனர் பெயரே தள முகவரியாகும் என்பதால் யோசித்து வையுங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு மாதிரி இன்டெக்ஸ் கோப்பு இருக்கும். உங்களுடையதை ஏற்றினால் அதன் இடத்தில் அமர்ந்துகொள்ளும். திருத்தி ஏற்றியும் பழைய பக்கமே வந்தால் பிரவுசரின் நினைவகம்தான் காரணம், கன்ட்ரோலுடன் எஃப்5 அழுத்துங்கள்.

மூலக் கோப்புகளைக் கணினியிலிருந்து அழிக்காதீர்கள். 1994-இல் தொடங்கி லட்சக்கணக்கான தனிப்பக்கங்களைத் தாங்கிய ஜியோசிட்டீஸ் என்ற சேவை 2009-இல் மூடப்பட்டது. கையில் பிரதி வைத்திருந்தால், அதே ஃபோல்டரை வேறோரிடத்தில் ஏற்றப் பத்து நிமிடம் போதும்.