வேன் நின்ற இடத்தில் ஒரு நாள்: சென்னைக்குக் குடும்பமாகப் போகிறவர்களுக்கு

டிசம்பர் கடைசியில் நாங்கள் 13 பேர் சென்னையில் கூடினோம். லண்டனிலிருந்து நாங்கள் நால்வர், டொரன்டோவிலிருந்து அண்ணன் குடும்பம், சிங்கப்பூரிலிருந்து சித்தி மகள் குடும்பம், அப்புறம் அடையாறிலேயே இருக்கும் பெரியப்பாவும் பெரியம்மாவும். ஒரே நாளில் மாமல்லபுரம், காஞ்சிபுரம் இரண்டையும் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புவதாக ஏற்பாடு. காலை ஆறரைக்கு வேன் கிளம்பியது. ஏழு மணிக்குள் திருவான்மியூரில் நின்றுவிட்டது.

"கிளட்ச் போயிடுச்சும்மா, இனி நகராது" என்றார் டிரைவர்.

மாற்று வண்டி அரை மணியில் வரும் என்று உரிமையாளர் போனில் சொன்னார். அந்த அரை மணி கடைசியில் மதியம் மூன்று மணி ஆனது. நாங்கள் காத்திருக்கவில்லை. அதற்குக் காரணம் பெரியம்மா. "காஞ்சிபுரம் எங்கே ஓடிடப் போகுது? மார்கழி மாசம், கோயில் பக்கத்துலேயே இருக்கு, வாங்க" என்று இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

முதலில் வண்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேன் பேசும்போது நாள் வாடகையை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை கிலோமீட்டர் வரை, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா (அவருக்கான தினப்படி), டோல், பார்க்கிங் யார் கணக்கு, புதுச்சேரி போவதென்றால் பெர்மிட் யார் கட்டுவது என்று எல்லாவற்றையும் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். கூடவே, வண்டி வழியில் நின்றால் என்ன செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். நாங்கள் அதை மட்டும் கேட்கவில்லை. முன்பணம் குறைவாகக் கொடுத்திருந்ததால்தான் அன்று பணத்தைப் பற்றிச் சண்டை வரவில்லை. நம்பர் பலகை மஞ்சளா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை சொந்த வண்டி. அதை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு, விபத்து நடந்தால் காப்பீடு கிடைப்பதும் சிக்கலாகிவிடும்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். மருந்தீசுவரர் கோயிலில் பொங்கல் பிரசாதம் கிடைத்தது. தொன்னையில் சூடாக, நெய் மணக்க. அண்ணன் மகள் அதுவரை கோயில் என்றாலே முகம் சுளிப்பவள், இரண்டாவது தொன்னைக்குப் போய் நின்றாள். பிரகாரத்தில் யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை. திட்டப்படி போயிருந்தால் இந்தக் கோயிலை வண்டியின் கண்ணாடி வழியாக ஒரு நொடி பார்த்திருப்போம்.

அங்கிருந்து நான்கு ஆட்டோவில் திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையம். மயிலாப்பூருக்கு ஆளுக்குப் பத்து ரூபாய்கூட ஆகாது. உயரமான பாதை என்பதால் வழி நெடுக மொட்டை மாடிகளும் தென்னைகளும் அடையாறும் தெரியும். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஆனால் நிலையங்களில் படிகள் அதிகம், மின்தூக்கி எப்போதும் ஓடும் என்று நம்ப முடியாது. முழங்கால் வலி உள்ளவர்களை நேராக ஆட்டோவில் அனுப்பிவிடுங்கள். நாங்களும் அப்படித்தான் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் ஒரு ஆட்டோவில் கபாலீசுவரர் கோயில் வாசலுக்கே அனுப்பினோம். இப்படிப் பிரியும்போது ஒவ்வொரு குழுவிலும் இந்திய சிம் உள்ள போன் ஒன்று இருக்க வேண்டும். எங்களிடம் மொத்தம் இரண்டுதான் இருந்தன, அது போதுமாக இருந்தது. ஆட்டோவுக்குப் பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகள் வைத்திருங்கள். ஐநூறு ரூபாய்க்குச் சில்லறை கிடைப்பது கஷ்டம்.

மார்கழியில் மயிலாப்பூர் மாட வீதிகளைக் காலையில் நடந்துதான் பார்க்க வேண்டும். வாசலுக்கு வாசல் கோலம், சில இடங்களில் சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூ. ஒரு வீட்டு அம்மா எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு, புள்ளி வைத்து நெளிக்கோலம் இழுக்கச் சொல்லிக்கொடுத்தார். அரை மணி நேரம் நாங்கள் அங்கேயே நின்றோம். அதற்கு எந்தத் திட்டத்திலும் இடம் இருந்திருக்காது. கோயில்கள் நண்பகல் வாக்கில் நடை சாத்திவிட்டு மாலை நான்கு மணி போலத்தான் திறக்கும் என்பதை மறக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் சரியாக அந்த நேரத்தில் போய் நின்று ஏமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த நான்கு மணி நேரத்துக்கு டிசம்பரில் சென்னை நல்ல வழி வைத்திருக்கிறது. அது கர்நாடக இசைக் கச்சேரிகளின் மாதம். கச்சேரி நடத்தும் சபாக்களின் கேண்டீனில் சாப்பிட கச்சேரி டிக்கெட் தேவையில்லை. டோக்கன் வாங்கி வரிசையில் நின்றால் வாழையிலையில் முழுச் சாப்பாடு. பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள், அப்புறம் கூட்டம் தாங்காது. சாப்பிட்டு முடித்து மதியக் கச்சேரிக்குள் நுழைந்தோம். பல சபாக்களில் மதிய நேரத்துக்குக் கட்டணம் கிடையாது, பாடுகிறவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். பெரியப்பா கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். சித்தி மகள் அவரைப் பார்த்து, "எங்கப்பாவும் இப்படித்தான் உட்காருவாருக்கா" என்று என் காதில் சொன்னாள். சித்தப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது.

மாலையில் பெண்கள் எல்லோரும் நகரப் பேருந்தில் திரும்பினோம். முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்த சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநரிடம் டிக்கெட் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்று: பத்துப் பேருக்கு மேல் போகும்போது ஒரு நாளைக்கு ஒரு பேட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை நம்பி இரண்டு ஊர்களைச் சேர்க்காதீர்கள்.

இரண்டு நாள் கழித்து வேறு வண்டியில் மாமல்லபுரம் மட்டும் போனோம். விடிவதற்கு முன்பே கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு மூன்றையும் நிதானமாகப் பார்க்கலாம். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 600 ரூபாய், இந்தியருக்கு 40. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) உள்ளவர்களுக்கு 2021 மார்ச் மாத மத்திய அரசு அறிவிப்பின்படி இந்தியர் கட்டணம்தான். இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கும் சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவர் என்பதால் அதேதான். அசல் அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள். அண்ணன் தன்னுடையதை அடையாறு வீட்டில் வைத்துவிட்டு வந்து 600 கட்டினார்.

காஞ்சிபுரம் இந்த முறை இல்லை. அடுத்த மார்கழிக்குப் பெரியம்மா நாள் பார்த்து வைத்திருக்கிறார்.