உலகக்கோப்பைக் கூடைப்பந்துக்கு இணையச் சந்தா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பன்னாட்டுக் கூடைப்பந்துத் தொடரின் நடுவே, வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, முழுச் சந்தாவையும் கட்டியிருந்த செயலியைத் திறந்து நான் காத்திருந்த ஆட்டத்தின் மேல் விரலை வைத்தேன். ஆட்டத்துக்குப் பதிலாகச் சிறிய பூட்டுப் படம் ஒன்றும், ‘இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்ற வரியும் திரையில் வந்து நின்றன. முந்தைய நாள்வரை எல்லா ஆட்டங்களும் தடையின்றி ஓடிய அதே செயலிதான் அது. மறுநாள் விதிமுறைகளைப் படித்தபோது, அப்படி நேரலாம் என்று அவற்றில் தெளிவாகவே எழுதியிருந்தது. தொடரின் பெயரைப் பார்த்துப் பணம் கட்டிய நான், என் நாட்டில் எந்தெந்த ஆட்டங்கள் திறக்கும் என்பதைப் பார்க்கவே இல்லை. பெர்லினில் 2026 செப்டம்பர் 4 முதல் 13 வரை பெண்கள் உலகக்கோப்பை, தோகாவில் 2027 ஆகஸ்ட் 27 முதல் செப்டம்பர் 12 வரை ஆண்கள் உலகக்கோப்பை என அடுத்தடுத்து அட்டவணை இருப்பதால், இணையத்தில் பார்க்க விரும்புவோர் அதே இடத்தில் கால் இடறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் எந்த ஆட்டங்கள் திறக்கும் என்று பார்க்காமல் பணம் கட்டுவதே மற்ற தவறுகள் பலவற்றுக்கும் தாயான தவறு. உலகக்கோப்பையை நடத்தும் பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா, ஒளிபரப்புரிமையை உலகம் முழுமைக்கும் ஒரே நிறுவனத்துக்கு விற்பதில்லை. நாடு வாரியாகவும் வட்டாரம் வாரியாகவும் பிரித்து விற்கிறது. கோர்ட்சைடு 1891 என்ற பெயரில் ஃபிபாவுக்கென்றே ஓர் இணையத் தளமும் இருக்கிறது. மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளை மாட்டிவைத்து இந்த விளையாட்டை உருவாக்கிய ஆண்டைக் குறிக்கும் பெயர் அது. ஆனால் ஒரு நாட்டில் உரிமையை வேறொரு நிறுவனம் தனியுரிமையாக வாங்கியிருந்தால், ஃபிபாவின் சொந்தத் தளத்திலேயே அந்த ஆட்டங்கள் அந்நாட்டினருக்கு மூடப்பட்டிருக்கக்கூடும். 2023 உலகக்கோப்பையில் அமெரிக்காவில் ஆட்டங்கள் இ.எஸ்.பி.என். வழியாக வந்தன. ஜெர்மனியில் உரிமை டெலிகாம் நிறுவனத்தின் மஜென்டாஸ்போர்ட்டிடம் இருந்தது; ஜெர்மனி செர்பியாவை 83-77 என்று வென்று கோப்பையைத் தூக்கிய இறுதி ஆட்டத்தைப் பொதுத் தொலைக்காட்சியான இசட்.டி.எஃப். நிறுவனமும் காட்டியது. ஆகவே வெளிநாட்டில் இருக்கும் உறவினர் எந்தச் செயலியில் பார்க்கிறார் என்று கேட்டு அதையே நாமும் வாங்குவது, பெரும்பாலும் பணத்தை வீணாக்கும் வழியாகவே முடியும்.

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை எளியது. தளத்தின் ஆட்ட அட்டவணையை, எந்த நாட்டில் இருந்து பார்க்கப் போகிறீர்களோ அந்த நாட்டின் இணைய இணைப்பிலேயே திறந்து, உங்களுக்கு மிக வேண்டிய அணியின் ஓர் ஆட்டத்தையும் இறுதி ஆட்டத்தையும் தனித்தனியே தொட்டுப் பாருங்கள். குழுச் சுற்று ஆட்டங்கள் திறந்திருப்பதை மட்டும் பார்த்து அமைதியடையக் கூடாது. அரையிறுதியும் இறுதியும் வேறொருவர் கையில் இருக்க வாய்ப்புண்டு. ஐயம் இருந்தால் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, அவர்களுடைய பதிலையும் அட்டவணையின் திரைப்பிடிப்பையும் (ஸ்கிரீன்ஷாட்) சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ சந்தா கட்டிவிட்டு, விடுமுறைக்கு ஊருக்கு வந்து தொடரைப் பார்க்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். செயலி பொதுவாக நீங்கள் பணம் கட்டிய நாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆட்டத்தைத் தொடும் நேரத்தில் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதையே பார்க்கிறது. இடத்தை மறைக்கும் வி.பி.என். மென்பொருளால் இதைத் தாண்டிவிடலாம் என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலான தளங்களின் விதிமுறைகள் அதைத் தடை செய்கின்றன. கண்டுபிடிக்கப்பட்டுக் கணக்கு முடக்கப்பட்டால் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு நியாயமும் இருக்காது.

அடுத்ததாக, எந்தப் போட்டி எந்தச் சந்தாவுக்குள் வரும் என்பதில் நேரும் குழப்பம். என்.பி.ஏ. லீக் பாஸ் வைத்திருப்பவர்கள், அதே வீரர்கள் தத்தம் நாட்டு உடையில் ஆடுவதால், உலகக்கோப்பையும் அதிலேயே வந்துவிடும் என்று நம்புகிறார்கள். வராது, அது அமெரிக்கத் தொழில்முறை லீகின் சந்தா. ஒலிம்பிக் கூடைப்பந்து இன்னொரு கணக்கு: அதன் ஒளிபரப்புரிமை பன்னாட்டு ஒலிம்பிக் குழுவிடம் இருக்கிறது. 2024 ஜூலையில் ரீகா, வாலென்சியா, சான் உவான், பிரேயுஸ் ஆகிய நகரங்களில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றுகள் ஃபிபாவின் போட்டிகள். அவற்றில் வென்ற அணிகள் பாரிஸ் சென்றதும் உரிமையாளர் மாறிவிட்டார். தொடருக்கு முந்தைய ஆயத்த ஆட்டங்களும் இப்படித்தான். 2023இல் அமெரிக்காவும் ஜெர்மனியும் அபுதாபியில் ஆடிய ஆயத்த ஆட்டத்தை அமெரிக்காவில் ஃபாக்ஸ் காட்டியது. அடுத்த சில நாள்களில் தொடங்கிய உலகக்கோப்பை இ.எஸ்.பி.என். கைக்குப் போனது. ஒன்றைப் பார்ப்பதற்காகக் கட்டிய பணம் மற்றொன்றைத் திறக்கவில்லை.

இனி நாள் கணக்கு. இதில் தவறு செய்பவர்கள் பெரும்பாலும் எதையும் முன்கூட்டியே செய்து முடிக்கும் கவனமான மனிதர்கள் என்பதுதான் வருத்தம். முப்பது நாள் பாஸ் என்பது பொதுவாகப் பணம் கட்டிய நொடியில் இருந்து ஓடத் தொடங்கும். தொடரின் தொடக்க நாளுக்காக அது காத்திருக்காது. தோகா உலகக்கோப்பைக்காக ஒருவர் 2027 ஆகஸ்ட் 10 அன்றே பாஸ் வாங்கிவிட்டால், செப்டம்பர் 9 அளவில் அது முடிந்துவிடும். 12 அன்று நடக்கும் இறுதி ஆட்டம் கையை விட்டுப் போகும், அல்லது ஒரே ஆட்டத்துக்காக இன்னொரு மாதப் பணம் கட்ட நேரும். முதல் ஆட்டத்துக்கு ஓரிரு நாள் முன்பு வாங்கினால் பதினேழு நாள் தொடர் முழுவதும் ஒரு மாதத்துக்குள் அடங்கி, பார்க்கத் தவறிய ஆட்டங்களைத் திரும்பப் பார்க்கவும் நாள்கள் மிஞ்சும்.

ஆண்டுச் சந்தாவா, மாதச் சந்தாவா என்ற கேள்விக்கு, நீங்கள் எதைப் பின்தொடர்கிறீர்கள் என்பதே விடை. ஒரு நாட்டின் அணியை மட்டும் பின்தொடர்பவர் தகுதிச் சுற்றின் அமைப்பை அறிந்திருக்க வேண்டும். 2027க்கான தகுதி ஆட்டங்கள் 2025 நவம்பரில் தொடங்கி 2027 மார்ச் வரை ஆறு தனித்தனிக் காலப்பகுதிகளில் நடக்கும்படி வகுக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் ஓர் அணிக்கு இரண்டு ஆட்டங்கள்தான், அதுவும் சில நாள்களுக்குள் முடிந்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் அந்தச் சந்தா சும்மா கிடக்கும். முயின் பெக் ஹபீஸ், அரவிந்த் முத்துகிருஷ்ணன் போன்ற தமிழ்நாட்டு வீரர்களுக்காக இந்திய அணியின் ஆட்டங்களைத் தேடிப் பார்க்கும் நம்மவர்களுக்கு, ஆட்டம் இருக்கும் மாதத்தில் மட்டும் கட்டுவதே சிக்கனம். எல்லாக் கண்டங்களின் போட்டிகளையும் விடாமல் பார்ப்பவருக்கு ஆண்டுச் சந்தா பொருத்தமாக இருக்கலாம். பதினாறு வயது முதல் பத்தொன்பது வயது வரையிலான இளையோர் போட்டிகளைப் பார்க்க விரும்புவோர், எதையும் வாங்கும் முன் ஃபிபாவின் யூடியூப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவற்றில் பலவற்றை அங்கே இலவசமாகவே நேரலையில் காட்டுகிறார்கள்.

நேர வேறுபாட்டால் ஆட்டத்தையே தவறவிடுபவர்களும் இருக்கிறார்கள். மணிலாவில் 2023 இறுதி ஆட்டம் அந்த ஊர் நேரப்படி இரவு 8.40க்குத் தொடங்கியபோது இந்தியாவிலும் இலங்கையிலும் மாலை 6.10 மணி. தோகா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அங்கே இரவு ஒன்பதுக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே பதினொன்றரைக்கு வரும். செப்டம்பரில் கோடைக்கால நேரத்தில் இருக்கும் பெர்லின் மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு எட்டரை என்றால் இங்கே நள்ளிரவு, அதாவது மறுநாள் தேதி. அட்டவணை எந்த ஊர் நேரத்தைக் காட்டுகிறது என்று பார்க்காமல் நினைவூட்டல் வைத்தால், மணி சில மணி நேரம் முன்போ பின்போ அடிக்கும்.

பணம் கட்டும் இடத்தில் இந்திய வாசகர்கள் கவனிக்க வேண்டியவை சில. வெளிநாட்டு நிறுவனத்துக்கு அட்டை வழியாகக் கட்டும்போது, வங்கிச் செயலியில் பன்னாட்டுப் பரிவர்த்தனை அனுமதி திறந்திருக்க வேண்டும். 2020 மார்ச் முதல் அதை வாடிக்கையாளரே கேட்டுத் திறக்கும் ஏற்பாடுதான் நடைமுறையில் இருக்கிறது. ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பது பெரும் பதற்றம். திரையில் டாலரிலோ யூரோவிலோ காட்டும் விலையோடு கணக்கு முடிவதில்லை. அந்நியச் செலாவணிக்கான கூடுதல் கட்டணத்தை வங்கி சேர்க்கும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் வரும். தானாகப் புதுப்பிக்கும் சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கடுமையான நடைமுறை வைத்திருக்கிறது: முதல் முறை ஓ.டி.பி. கொடுத்து ஒப்புதல் தர வேண்டும், ஒவ்வொரு பிடித்தத்துக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். அந்தத் தகவல் வரும்போது படியுங்கள். வேண்டாத சந்தாவை நிறுத்த அதுவே நல்ல தருணம். இந்த நடைமுறையோடு பொருந்தாத வெளிநாட்டுத் தளங்களில் புதுப்பித்தல் நடக்காமலே போவதும் உண்டு என்பதால், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பி அரையிறுதி நாளன்று வெறும் திரையைப் பார்க்க வேண்டாம்.

செயலியை அழித்துவிட்டால் சந்தா ரத்தாகிவிடும் என்பது மிகப் பரவலான தவறான நம்பிக்கை. ஆப்பிள் அல்லது கூகுள் கடை வழியாகக் கட்டியிருந்தால் அந்தக் கடையின் சந்தாப் பகுதிக்குப் போய்த்தான் ரத்துச் செய்ய வேண்டும். தளத்திலேயே கட்டியிருந்தால் தளத்தில். எங்கே கட்டினோம் என்பதை மறந்துவிட்டு இரண்டு இடங்களிலும் தேடி அலைபவர்கள் உண்டு. கட்டிய அன்றே ரசீது மின்னஞ்சலைத் தனியாக எடுத்து வைத்தால் அந்த அலைச்சல் இல்லை. ஆப்பிளில் காலம் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பாகவே ரத்துச் செய்துவிட வேண்டும். ரத்துச் செய்யும் வழியை வேண்டுமென்றே மறைத்து வைப்பதை, 2023 நவம்பர் 30 அன்று இந்தியாவில் வெளியான நெறிமுறைகள் ‘சந்தாப் பொறி’ என்றே வகைப்படுத்தித் தடை செய்திருக்கின்றன. அப்படி மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம்.

பெரிய ஆட்டம் நடக்கும் நாளில் சமூக ஊடகங்களில் முளைக்கும் ‘இலவச நேரலை’ இணைப்புகளை அறவே தொடாதீர்கள். அணிக் கொடிகளும் ஓடும் கடிகாரமும் வைத்து, இலவசப் பதிவுக்கென்று அட்டை எண்ணைக் கேட்கும் பக்கம் உங்களுக்கு ஆட்டத்தைக் காட்டப் போவதில்லை. விவரங்களைக் கொடுத்துப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வங்கியிடமும் உடனே சொல்லுங்கள்.

படத் தரத்தையும் முன்பே கணக்கிட வேண்டும். நாற்பது நிமிட ஆட்டம் என்றாலும் இடைவேளைகளும் நேர நிறுத்தங்களும் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஆகும். நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் படம் மணிக்கு ஏறத்தாழ 2.25 ஜி.பி. எடுக்கும்; இரண்டு மணி நேரத்துக்கு 4.5 ஜி.பி. நாளுக்கு 1.5 ஜி.பி. தரும் கைப்பேசித் திட்டத்தை நம்பி உட்கார்ந்தால், முதல் பாதி முடிவதற்குள்ளேயே படம் தடுமாறத் தொடங்கிவிடும். பழைய தொலைக்காட்சியில் பார்க்க நினைப்பவர்கள், அதற்கான செயலி உண்டா என்று இலவச ஆட்டம் ஒன்றை ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

நேரலை என்று பெயர் இருந்தாலும் இணையப் படம் அரங்கத்துக்குச் சில பத்து வினாடிகள் பின்தங்கியே வரும். 2023இல் மூன்றாம் இடத்துக்காகக் கனடாவும் அமெரிக்காவும் மோதிய ஆட்டத்தில், சில வினாடிகளே மீதமிருக்க, அமெரிக்க வீரர் மிகல் பிரிட்ஜஸ் இரண்டாவது இலவச எறிதலை வேண்டுமென்றே தவறவிட்டார். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைத் தானே பிடித்து, மூலையில் இருந்து மூன்று புள்ளி எறிந்து 111-111 என்று சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கனடா 127-118 என்று வென்றது. இத்தகைய வினாடிகளுக்காகத்தான் நாம் பணம் கட்டுகிறோம். அந்தப் பந்து அவர் கையை விட்டுப் புறப்படும் முன்பே, புள்ளிக் கணக்குச் செயலியின் அறிவிப்போ நண்பர்கள் குழுவின் செய்தியோ கைப்பேசியில் வந்து விழுந்தால் எல்லாம் போயிற்று. ஆட்டம் தொடங்கும்போதே அந்த அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். மறுநாள் காலை பார்க்கப் போகிறவர்கள், முகப்புப் பக்கத்தில் முடிவுகளை மறைக்கும் வசதி இருக்கிறதா என்றும், முழு ஆட்டமும் கிடைக்குமா அல்லது பத்து நிமிடச் சுருக்கம் மட்டும்தானா என்றும், அது எத்தனை நாள் தளத்தில் இருக்கும் என்றும் சந்தா கட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.