கருமையைக் காட்டச் சொல்லுங்கள்: உயர்ரக ஹோம் தியேட்டர் புரொஜெக்டரைச் சோதித்துப் பார்க்கும் முறை

பல லட்சம் ரூபாய் விலையுள்ள புரொஜெக்டரைப் பார்க்கக் கடைக்குப் போனால், முதலில் ஓடவிடுவது பெரும்பாலும் பவளப்பாறை மீன்களும் இரவு நகரத்தின் வண்ண விளக்குகளும் நிறைந்த மாதிரிப் படமாகவே இருக்கும். அந்தப் படம் எந்தக் கருவியிலும் அழகாகத்தான் தெரியும். ஒரு லட்சம் ரூபாய்க் கருவிக்கும் பத்து லட்சம் ரூபாய்க் கருவிக்கும் உள்ள வேறுபாடு வெளிச்சத்தில் அவ்வளவாகத் தெரியாது. இருட்டுக் காட்சிகளில்தான் வெளிப்படும். ஆகவே, எதைப் பார்ப்பது என்பதை விற்பனையாளரிடம் விடாமல் நீங்களே முடிவு செய்துகொண்டு போவது நல்லது.

முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, நீங்கள் வருவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே கருவியை இயக்கிவைக்கச் சொல்லுங்கள். சூடேறி நிலைப்படும் வரை நிறமும் குவியமும் சற்று நகர்ந்துகொண்டிருக்கும். திரையின் அளவு, அதன் கெயின் (தன்மேல் விழும் ஒளியைத் திரை எவ்வளவு வலுவாகத் திருப்பி அனுப்புகிறது என்ற எண்), கருவிக்கும் திரைக்கும் உள்ள தூரம், கருவியின் ஒளி மூலமான லேசர் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது ஆகிய நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தூரத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு: அதே அளவுப் படத்தைத் தொலைவிலிருந்து வீசும்போது ஜூம் லென்ஸ் வழியே வரும் ஒளி குறைகிறது. கடையில் அருகிலிருந்து வீசும் கருவி, உங்கள் வீட்டில் பின்சுவரில் மாட்டியபின் அதே வெளிச்சத்தைத் தராது.

வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். ஓரிடத்தில் விழும் ஒளியை அளக்கும், சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் லக்ஸ் மீட்டர் போதும். முழு வெள்ளைப் படத்தைப் போட்டு, மீட்டரைத் திரையோடு ஒட்டி லென்ஸைப் பார்த்தவாறு பிடித்து, திரையின் ஒன்பது இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். 120 அங்குல 16:9 திரை சுமார் 2.66 மீட்டர் அகலமும் 1.49 மீட்டர் உயரமும் கொண்டது. பரப்பு ஏறத்தாழ 4 சதுர மீட்டர். சராசரி 300 லக்ஸ் என்றால் திரைக்கு வந்து சேரும் மொத்த ஒளி 1200 லூமென். அந்த 300-ஐ 3.14-ஆல் வகுத்துக் கெயினால் பெருக்கினால், கெயின் 1 உள்ள திரையில் சுமார் 95 நிட்ஸ் (திரையிலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சத்தின் அலகு) கிடைக்கும். டிஜிட்டல் திரையரங்குகளுக்கான தர அளவு 48 நிட்ஸ்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது தாராளம். ஆனால் இந்த அளவீட்டை, நீங்கள் படம் பார்க்கப்போகும் 'சினிமா' போன்ற நிறம் சரியான மோடில் எடுக்க வேண்டும். விளம்பரத் தாளில் உள்ள லூமென் பெரும்பாலும் பச்சை தூக்கலாகத் தெரியும் அதிவெளிச்ச மோடில் வருவது. அந்த மோடில் எவரும் படம் பார்ப்பதில்லை.

இனி கருமை. எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொல்லி, ஆம்ப்ளிஃபயரின் நீல விளக்கைக்கூட மறைத்து, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். (வெள்ளை வேட்டி சட்டையில் போயிருந்தால் முன்வரிசையில் உட்கார வேண்டாம், திரையின் ஒளி உங்கள்மேல் பட்டு மீண்டும் திரைக்கே போகும்.) ஒரு கடையில் எனக்கு முழுக் கருப்புப் படம் ஒன்றைக் காட்டினார்கள். திரை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, அசந்துபோனேன். பிறகு, நான் கொண்டுபோயிருந்த படத்தின் இறுதிப் பெயர்ப் பட்டியலை ஓடவிடச் சொன்னேன். கருப்புப் பின்னணியில் முதல் வெள்ளை எழுத்து கீழிருந்து எட்டிப்பார்த்த கணத்தில், திரை முழுவதும் சாம்பல் பூசியதுபோல் வெளிறியது. முழுக் கருப்பைக் கண்டதும் கருவி லேசரையே அணைத்துவிடுகிறது. ஓரிடத்தில் வெள்ளை வந்தால் ஏற்றியே ஆக வேண்டும். விளம்பரங்களில் வரும் லட்சக்கணக்கான கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள ஒளி விகிதம்) எண்கள் பலவும் இப்படிப் பிறந்தவையே. ஆகவே காட்சிக்கேற்ப ஒளியையும் லென்ஸ் துளையையும் தானாகக் கூட்டிக் குறைக்கும் டைனமிக் லேசர், டைனமிக் ஐரிஸ் இரண்டையும் அணைத்து ஒருமுறை, இயக்கி ஒருமுறை பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். அணைத்திருக்கும்போது தெரியும் கருமைதான் கருவியின் சொந்தச் சரக்கு.

அடுத்து, கருப்பு வெள்ளைக் கட்டங்கள் பதினாறு கொண்ட சதுரங்கப் படம். வெள்ளைக்குப் பக்கத்திலேயே கருப்பு எவ்வளவு கருமையாக நிற்கிறது என்பது இதில் தெரியும். ஒற்றைச் சில்லு டிஎல்பி கருவிகள் (நுண்கண்ணாடிகள் நிறைந்த ஒரே சில்லால் படம் காட்டுபவை) இதில் பொதுவாக நன்றாகவும், முழு இருட்டில் சற்றுப் பின்தங்கியும் இருக்கும். ஜேவிசியின் டி-ஐஎல்ஏ (ஒளியைத் திருப்பி அனுப்பும் திரவப் படிகப் பேனல்) முழு இருட்டில் வலுவானது. ஆனால் வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கூரையும் உள்ள அறையில் எந்தக் கருவியும் இந்தச் சோதனையில் தோற்கும். அப்படிப்பட்ட கூடத்தில் வைக்கப்போகிறவர், கருவிக்குக் கூடுதலாகத் தரும் பணத்தில் ஒரு பகுதியை அடர்நிறப் பெயின்ட்டுக்கும் திரைச்சீலைக்கும் ஒதுக்குவதே என் கணக்கில் லாபம்.

எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே கூடுதல் வீச்சுள்ள) படங்கள் 1000 அல்லது 4000 நிட்ஸ் உச்ச வெளிச்சத்தை நினைத்துத் தயாராகின்றன. நம் திரையில் இருப்பதோ நூறு நிட்ஸ். அந்த வேறுபாட்டைச் சுருக்கிப் பொருத்துவதுதான் டோன் மேப்பிங். ஜேவிசி இதற்கு 'ஃப்ரேம் அடாப்ட் எச்டிஆர்' என்ற முறையை வைத்திருக்கிறது. வெயில் படும் மேகம் ஒன்றில் நிறுத்திப் பாருங்கள்: மேகத்தின் மடிப்புகள் தெரிய வேண்டும், ஆனால் அதன் கீழே நிற்பவரின் முகம் இருண்டுவிடக் கூடாது.

கூர்மையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஜேவிசியின் பேனலைப் போன்ற பேனல் கொண்ட சோனியின் 4கே எஸ்எக்ஸ்ஆர்டி கருவிகளில் குறைந்தது 3840×2160 புள்ளிகள் உண்மையாகவே பேனலில் உள்ளன. பல 4கே டிஎல்பி கருவிகள் 1920×1080 கண்ணாடிச் சில்லின் படத்தை ஒரு ஃபிரேமுக்கு நான்கு இடங்களுக்கு நகர்த்திக் காட்டுகின்றன. இருக்கையிலிருந்து பார்த்தால் வித்தியாசம் சிறியதே. மூலைகளில் எழுத்துகள் கூர்மையாக உள்ளனவா என்பதே முக்கியம். அதையும் உங்கள் வீட்டில் தேவைப்படும் அளவுக்கு லென்ஸ் ஷிஃப்ட்டை (கருவியை அசைக்காமல் படத்தை மேலும் கீழும் பக்கவாட்டிலும் தள்ளும் வசதி) நகர்த்திய பிறகு பாருங்கள். கோணலாக விழும் படத்தை மின்னணு முறையில் நேராக்கும் கீஸ்டோன் திருத்தம் அணைந்தே இருக்கட்டும். ஒற்றைச் சில்லு டிஎல்பியில் வானவில் கீற்று (வெளிச்சமான பகுதிகளின் ஓரத்தில் கணநேரம் மின்னும் நிறங்கள்) சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது. எனவே வீட்டில் உள்ளவர்களையும் அழைத்துச் சென்று, வெள்ளை எழுத்துகளின்மீது கண்ணை விரைவாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு கருவிகளை ஒப்பிட்டுக் காட்டுகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று: வெளிச்சம் கூடிய கருவிதான் கண்ணுக்குச் சிறந்ததாகத் தோன்றும். லக்ஸ் மீட்டரை வைத்து இரண்டையும் சமப்படுத்திய பின், ஒரே திரையில் இரண்டின் படத்தையும் பொருத்தி, லென்ஸ்களுக்கு முன் கருப்பு அட்டை வைத்து ஆளுக்குப் பாதியாக மறையுங்கள். கதாநாயகியின் கன்னத்தின் நடுவே கோடு விழும். அந்தக் கோட்டின் இருபுறமும் உள்ள தோல் நிறத்தைப் பார்த்தால் வாதத்துக்கு இடமிருக்காது.

வாங்க முடிவு செய்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. ஒரே மாடலிலும் கருவிக்குக் கருவி வேறுபாடு உண்டு. வீட்டுக்கு வந்த பெட்டியைப் பிரித்த அன்றே முழுக் கருப்பு, முழு வெள்ளை, ஒற்றைப் புள்ளிக் கோடுகள் கொண்ட கட்டப் படம் ஆகிய மூன்றையும் போட்டு, மூலைகளில் வெளிறல், ஒரு பக்கம் நிறச் சாய்வு, கோடுகளின் ஓரத்தில் சிவப்போ நீலமோ பிரிதல் ஆகியவை உண்டா என்று பார்த்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்; மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் அந்தப் படங்கள் கடைக்குப் போய்ச் சேர வேண்டும்.